எண்ணெயின் பெயர்

பேதார் செத்த நாற்பதாம் நாள், அவன் எழுதிய புதுக் கஜல் ஒன்று ஊருக்கு வந்து சேர்ந்தது. கையில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சேலம் அம்மாப்பேட்டைக்காரன். விசைத்தறி பழுது பார்க்கிற வேலைக்கு மகாராஷ்டிரத்து மாலேகாவ் வந்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது அப்போது. இங்கே எனக்குப் பெயர் சேலம் மிஸ்திரி. பெற்றவள் வைத்த பெயர் ரேஷன் அட்டையைப் பார்த்தால்தான் எனக்கே ஞாபகம் வரும். இந்த ஊரில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. தறி ஓட்டுகிறவன், டீக்கடைக்காரன், பஞ்சர் ஒட்டுகிறவன் என்று பாதி ஊருக்கு இரண்டு பெயர். ஒன்று வீட்டில் வைத்தது, இன்னொன்று கஜல் எழுதத் தானே வைத்துக்கொண்டது. கஜலின் கடைசி ஈரடியில் அந்தப் பெயர் வந்தாக வேண்டும். வந்தால்தான் கஜல் முடிந்ததென்று அர்த்தம், யாருடைய கஜல் என்பதும் அப்போதுதான் தெரியும். எங்கள் சந்துக் கறிக்கடைக்காரர் 'பர்பாத்' என்று வைத்துக்கொண்டிருந்தார். நாசமாய்ப் போனவன் என்று பொருள். ஆள் தொண்ணூறு கிலோ இருப்பார்.

இக்ராம் அன்சாரிக்குப் பெயர் பேதார். விழித்திருப்பவன். பதினாறு வயதில் மேடை ஏறியவன். குரல் என்றால் அப்படி ஒரு குரல். அவன் ராகம் போட்டுப் பாட ஆரம்பித்தால் தறிக்காரர்கள் நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் நிற்பார்கள். மறுநாள் அந்தத் துணியை வைத்துக்கொண்டு முதலாளியிடம் திட்டு வாங்குகிறவன் நான். கடைசி ஈரடி வரும்போது அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தன் பெயர் வரவேண்டிய இடத்தில் நிறுத்தி, கையை மேலே தூக்குவான். கூட்டம் மொத்தமும் 'பேதார்' என்று கத்தும். கூரைப் புறா எல்லாம் பறக்கும்.

பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு அந்தக் குரலை எத்தனை நாள் தாங்கும்? முப்பத்துநாலு வயதில், ஒரு மழைக்கால வாரத்தில், இருமி இருமியே போய்விட்டான்.

நாற்பதாம் நாளைக்கு ஊர்க் கஜல் மன்றத்துக்காரர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பேதாரின் பழைய கஜலிலிருந்து ஒரு வரியை எடுத்துக் கொடுப்பது, அதே அளவில் அதே ஓசையில் எல்லாரும் ஆளுக்கொரு கஜல் எழுதிவந்து வாசிப்பது. இங்கே இது வழக்கம்தான். கொடுத்த வரி இது: 'கதவைச் சாத்தாதீர்கள், காற்று இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது.' வரியை அறிவித்தது அவன் செத்துப் பத்து நாள் கழித்து. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குக் காலையில் அவன் வீட்டுத் தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவனுடைய அக்கா தஸ்னீம் மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"மிஸ்திரி பாய், இத மாஸ்டர் சாப் கைல குடுத்துருங்க."

"யாரு குடுத்தாங்கன்னு கேட்டா?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். கடைசி வரில பேரு இருக்கு."

நானும் ஒரு மடையன். "பேதார் வீட்லருந்து" என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

ரயீஸ் மாஸ்டர் மன்றத்துக்குத் தலைவர். காத்திப் வேலை பார்க்கிறவர். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தின காலம் அது. உருதுப் புத்தகம் அச்சாக வேண்டுமென்றால் பக்கம் பக்கமாகக் கையால் எழுதித்தரக் காத்திப் வேண்டும். அன்று பிற்பகல் மன்றம் கூடியபோது அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி வாசித்தார். ஒவ்வொரு ஈரடிக்கும் வாஹ் வாஹ் என்று சத்தம். கடைசி ஈரடிக்கு வந்தார்.

'பாயைச் சுருட்டிவிட்டார்கள் பேதார்,
தூக்கம் படுக்க இடமில்லாமல் இருக்கிறது.'

மாஸ்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பர்பாத் தேம்பித் தேம்பி அழுதார். 'செத்தவன் பதில் சொல்லிட்டான்' என்று ஒருவன் கத்தினான். அந்தி மஃரிப் தொழுகைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவன் கபரிலிருந்து எழுந்துவந்து கவிதை எழுதுவான் என்று நம்புகிறார்கள். உயிரோடு இருக்கும் ஒரு பொம்பளை எழுதியிருப்பாள் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எனக்கு அது தெரியும். பல வருஷமாகத் தெரியும். அந்த வீட்டில் நாலு தறி. பின்கட்டில் தஸ்னீம் ராட்டையில் தார் சுற்றுவாள், குறுக்கு நூலுக்கான குச்சி அது. தறிச் சத்தத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டே உதடு அசையும். பிறகு நூல் கோனில் சுற்றிவரும் நீலத்தாளைக் கிழித்து எழுதுவாள். சாயங்காலம் இக்ராம் வந்து அவள் எதிரில் உட்காருவான். அவள் சொல்லச் சொல்ல அவன் ராகம் கட்டுவான். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தவன் நான். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை போனபோது வீட்டு வாசலில் செருப்புகளாகக் கிடந்தன. புதுசாக ஏதாவது வந்ததா என்று கேட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். ஒருவன் ஊதுபத்தி, ஒருவன் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். உள்ளே இக்ராமின் தறியருகில் ஹாஜ்ரா அம்மா உட்கார்ந்திருந்தார். அவனைப் பெற்றவர். எழுபது வயது, எழுதப் படிக்கத் தெரியாது. முன்னால் ஒரு தட்டில் கிச்சடா, மேலே பொரித்த வெங்காயம், பக்கத்தில் பாதி எலுமிச்சை. அவனுக்குப் பிடித்தது. தறியில் அவன் பாதி நெய்துவைத்த துணி அப்படியே இருந்தது. அதை அறுக்க அம்மா விடவில்லை; மேலே நெய்யவும் கூடாதென்று, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவை எடுத்து வைத்துவிட்டார்.

"மிஸ்திரி, தறிய கொஞ்சம் ஓட்டு."

"நாடா இல்லாமலா அம்மா? எதுக்கு?"

"சத்தம் கேக்கணும். சத்தம் கேட்டாதான் அவன் வருவான்."

நாடா இல்லாமல் ஓட்டினால் தறி தானாக நின்றுவிடும். நிறுத்தும் கம்பியைத் துணியால் கட்டிவிட்டு ஓட்டினேன். கடக் கடக் என்று வெறுமனே அடித்தது. துணி ஒரு விரல்கூட வளரவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டே இருந்தார். பின்கட்டில் ராட்டைச் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தேன்.

"வந்துட்டான்" என்றார் அம்மா. "தஸ்னீம், இங்க வா. என்ன சொல்றான் சொல்லு."

தஸ்னீம் கதவுக்குப் பின்னால் நின்றாள். தம்பி சொல்ல இவள் எழுதுகிறாள் என்றுதான் அம்மா எப்போதும் நம்பியிருந்தார். வந்தவர்கள் எல்லாரும் காது கொடுத்து நின்றார்கள். அவள் தரையைப் பார்த்தபடி ஓர் ஈரடி சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. அம்மா எழுந்துபோய் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வாயில் முத்தம் வைத்தார். "என் ராஜா, என் ராஜா" என்றார்.

இரண்டு நாள் கழித்து மின்சாரம் போயிருந்த நேரம். சந்து முழுக்கத் தறி நின்று, காது அடைத்தமாதிரி ஒரு அமைதி. அம்மா பக்கத்து வீட்டில் இருந்தார். தஸ்னீம் டீயும் காரி பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏம்மா தஸ்னீம், உன் பேர எழுதித் தொலைக்க வேண்டியதுதான? பேதார்னு ஏன் எழுதுன?"

"வேணும்னு எழுதல மிஸ்திரி பாய். எழுதி முடிச்சுப் பாத்தா கை அதத்தான் எழுதியிருக்கு. கிழிச்சுப் போட்டு மறுபடி எழுதறேன், மறுபடியும் அதான். நம்ம வீட்ல காலைல கண்ணு முழிச்சா கை தானா செம்ப எடுக்குமில்ல, அப்டி."

"சரி, அன்னிக்கு அம்மாகிட்ட சொன்னது?"

"அதுவும் என்னுதுதான்." பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "என்னுதுதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. எழுதும்போது எனக்கு என் கொரல் கேக்க மாட்டேங்குது. அவன் பாடறதுதான் கேக்குது. அவன் போயும் பாடறான். அம்மா என் வாய முத்தம் வெக்கிறாங்க, அவன் வாய்னு. நான் எங்க இருக்கேன் சொல்லுங்க?"

டீயை உறிஞ்சினேன். "ஒரு பேரு வெச்சுக்க. இவனுங்க எல்லாம் வெச்சிருக்கானுங்களே, புயல், நெருப்பு, காயம்னு. உனக்கு ஒண்ணு கெடைக்காதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க ஒண்ணு சொல்லுங்களேன்."

"தார்னு வெச்சுக்க. நாள் பூரா அதத்தான சுத்துற."

"பத்தாது. கடைசி ஈரடில பேதார் உக்காந்த எடம் இருக்குல்ல, அந்த எடத்துக்குச் சரியா ஒரு பேரு வேணும். கொறைஞ்சாலும் ஒடையும், கூடுனாலும் ஒடையும். அம்பத்திரண்டு கஜல்லயும் அந்தக் குழி அதே அளவு."

"அப்ப எங்க போய்த் தேடறது?"

அவள் டம்ளரை எடுத்து வைத்தாள். "தேட வேணாம் மிஸ்திரி பாய். அந்தக் குழி தஸ்னீமுக்காகத் தோண்டுனது. மொதல் கஜல் எழுதறப்ப எனக்குப் பதினெட்டு. கடைசில என் பேரத்தான் போட்டேன். வேற பேரு வெச்சுக்கணும்னு எனக்குத் தோணல. இக்ராம் படிச்சுட்டு, ஆபா, இத நான் மன்றத்துல பாடட்டுமான்னான். பொம்பளப் பேர வெச்சு அவன் எப்டிப் பாடுவான்? என் பேர எடுத்துட்டு அதே எடைல ஒரு பேரு தேடுனேன். பேதார் கெடச்சுது. அந்தப் பேர அவனுக்கு வெச்சதே நான்தான்."

மின்சாரம் வந்தது. நூறு தறி ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்ததும் நாங்கள் பேச்சை விட்டோம்.

அந்த வாரமே ரயீஸ் மாஸ்டர் வந்தார். நான் தறிக்கடியில் படுத்திருந்தேன், எழுந்து வரவில்லை. மன்றத்தார் சேர்ந்து பேதாரின் புத்தகத்தை அச்சுப்போடப் போகிறார்களாம். மைக்கூடும் நாணல் பேனாவும் தயார், கஜல் எழுதிவைத்த நோட்டுகள் வேண்டும், அட்டையில் பெயரை இன்றைக்கே எழுதப்போகிறேன் என்றார். ஹாஜ்ரா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துக் குடு தஸ்னீம்" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து தஸ்னீம் சொன்னாள், "நோட்டு தரேன் மாஸ்டர் சாப். அட்டையில என் பேர எழுதுங்க."

"எழுதறேம்மா. 'தொகுத்தவர், சகோதரி'ன்னு கீழ ஒரு வரி..."

"மேல."

மாஸ்டர் சிரித்தார். "ஏம்மா, தம்பி மேல இருக்கற பாசம், புரியுது. அவன் சொல்லச் சொல்ல நீ எழுதுன. கையெழுத்து உன்னுதுதான், யாரு இல்லன்னா?"

"நான் சொல்லச் சொல்ல அவன் பாடுனான். ஒவ்வொரு கஜலா எடுங்க. கடைசில பேதாரை எடுத்துட்டு தஸ்னீம்னு போட்டுப் பாருங்க. ஒண்ணுலயாவது ஒடைஞ்சா நோட்டை அவன் பேர்லயே போட்டுக்குங்க."

மாஸ்டர் சும்மா ஆள் இல்லை. கவிதையைத் தராசில் வைக்கிறமாதிரி, முழங்காலில் விரல் தட்டியே எடை சொல்லிவிடுவார். நோட்டை விரித்தார். தட்டினார். அடுத்தது. அடுத்தது. பத்துப் பன்னிரண்டு பக்கம் போனதும் தட்டுவது நின்றது. "எடை ஒத்துப்போகுது. ஆனா அது போதாதும்மா. ஒரே எடைல எத்தனையோ பேரு இருக்கு" என்றார். ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை.

அப்போதுதான் ஹாஜ்ரா அம்மா வாயைத் திறந்தார்.

"அப்ப என் மகன் பதினெட்டு வருஷமா ஊர ஏமாத்துனானா?"

"ஏமாத்தல அம்மா. அவன் பாடுனான். அவன் இல்லன்னா இது இந்தச் சொவத்த தாண்டியிருக்காது."

"போன வியாழக்கெழம வந்தது?"

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"சொல்லுடீ. வந்தது யாரு?"

"நான்தான் அம்மா."

கிழவி எழுந்து நின்றார். "ஒருத்தனக் குழில வெச்சேன். மிச்சம் இருந்தது அவன் பேரு. அதயும் தோண்டி எடுத்துட்டுப் போறியா? நீ என் வயித்துல பொறந்தவதானா?"

தறிக்கடியிலிருந்து நான் எழுந்துவந்து, "அம்மா, அது நெசம். நான் பாத்திருக்கேன்" என்றேன். இத்தனை வருஷம் கழித்துச் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாஸ்டர்தான் பார்த்தார்.

நோட்டுகளை மூடி வைத்துவிட்டு அவர் ஒரு வழி சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு மன்றம் கூடும். வரியை அங்கேயே, அப்போதே கொடுப்பார். ஒரு மணி நேரத்துக்குள் எழுதி, அவளே வாசிக்க வேண்டும். செத்தவன் பழைய நோட்டில் எழுதிவைத்துப் போனான் என்று யாரும் சொல்ல முடியாது. தேறினால் அட்டையில் அவள் பெயர். தேறாவிட்டால் இக்ராம் பேதார்.

"என்னிக்கும் பொம்பள வாசிச்சதில்ல" என்றாள் தஸ்னீம்.

"படுதா கட்டறோம். மைக்க உள்ள குடுக்கறோம். வேற வழி எனக்குத் தெரியலம்மா."

வெள்ளிக்கிழமை தறிகளுக்கு விடுமுறை. பள்ளிக்கூட முற்றம் நிறைந்து, சுவரெல்லாம் ஆட்கள் தொங்கினார்கள். மேகம் மூடிப் புழுக்கமாக இருந்தது. ஒரு பக்கம் பச்சைப் படுதா. அதற்குப் பின்னால் பெண்கள். பெரும்பாலோர் பேதார் இறங்கி வருவதைப் பார்க்க வந்தவர்கள். பர்பாத் ஒரு சட்டி ஃபிர்னிப் பாயசம் கொண்டுவந்திருந்தார், யாருக்கென்று அவருக்கே தெரியாது. ஹாஜ்ரா அம்மா வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். கடைசி நேரத்தில் பர்தாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் படுதாவுக்குப் பின்னால் போனதை நான் பார்த்தேன். மகளுக்காக வரவில்லை. மகன் குரல் வந்தால் கேட்பதற்காக வந்தார்.

மாஸ்டர் வரியைக் கொடுத்தார். 'இந்தச் சந்தில் இன்னும் ஒரு விளக்கு எரிகிறது.' ஒவ்வோர் ஈரடியும் 'எரிகிறது' என்று முடிய வேண்டும். ஒரு மணி நேரம். ஆண்கள் டீ குடித்தார்கள், பீடி பிடித்தார்கள். எனக்கோ தறி இல்லாத இடத்தில் இவளுக்கு வரி வருமா என்ற பயம். ராட்டைச் சத்தத்தில் எழுதிப் பழகியவள்.

மைக்கில் முதலில் மூச்சு கேட்டது. பிறகு குரல். கரகரப்பு, ராகம் கிடையாது. கணக்கு வாத்தியார் கேள்வி சொல்கிறமாதிரிச் சொன்னாள். முன்வரிசையில் ரெண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாவது ஈரடியில் சிரிப்பு நின்றது. மூன்றாவதில் மாஸ்டர் தன்னையறியாமல் முழங்காலில் தட்ட ஆரம்பித்தார். நான்காவதற்கு ஒரு மூலையிலிருந்து வாஹ் என்று வந்தது. பிறகு முற்றம் முழுக்க. ஐந்தாவதை மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

கடைசி ஈரடி. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

'எண்ணெயின் பெயரை யார் கேட்டார்கள்...'

பெயர் வரவேண்டிய இடம். அவளுக்கு மூச்சு வாங்கியது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. ஆனால் பதினெட்டு வருஷமாக அந்த இடத்தில் நிறுத்தினால் என்ன செய்ய வேண்டுமென்று இந்த ஊருக்குத் தெரியும். முந்நூறு நானூறு ஆண்கள், பழகிய வாயால், ஒரே குரலாகக் கத்தினார்கள்.

"பேதார்!"

கூரைப் புறா எல்லாம் பறந்தது.

கத்தின பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. பர்பாத் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மைக்கில் ஒன்றும் வரவில்லை. படுதா அசையவில்லை. முடிந்தது, இனி இவள் பேசமாட்டாள் என்று நினைத்தேன். இக்ராம் கையைத் தூக்கிக்கொண்டு மேடையில் நிற்பதுபோலவே எனக்கும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மைக்கில் ஏதோ இடிபட்டது. வேறொரு குரல் வந்தது. வயதான, பல் போன குரல்.

"கூப்புடாதீங்க அவன."

ஹாஜ்ரா அம்மாவின் குரல்.

"எத்தன பேரு கூப்புடறீங்க. இத்தன கொரலுக்கும் அவன் வரல. என் மகன் செத்துட்டான்." மூச்சுவிட்டார். "நானும் தெனம் கூப்புட்டேன். வுடுங்க. தூங்கட்டும். அவ சொல்ல வந்தத சொல்லட்டும்."

உள்ளே ஒரு கேவல் கேட்டது, அம்மாவா மகளா தெரியவில்லை. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வானம் இரண்டு துளி போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது. பிறகு தஸ்னீமின் கரகரத்த குரல் மறுபடி, முதலிலிருந்து ஆரம்பித்தது.

'எண்ணெயின் பெயரை யார் கேட்டார்கள்...'

அதே இடத்தில் மறுபடி மூச்சு வாங்கியது. இந்தத் தடவை முற்றத்தில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. அவள் பெயரை அவளேதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

'...தஸ்னீம்,
எல்லாரும் சொல்வதெல்லாம், விளக்கு எரிகிறது.'